முகத்தையும் கையையும் யாரிடம் ஒப்படைப்பது? செங்கல்பட்டில் திசை மாறிய டாக்டர் பால் பிராண்டின் வாழ்க்கை

தாம்பரத்தைத் தாண்டி இரும்புலியூர், பெருங்களத்தூர் என்று ஜிஎஸ்டி ரோட்டில் தெற்கே போகிறவர்களுக்கு அந்த விளம்பரப் பலகைகள் பழகிப்போனவை. முடி நடுதல், மூக்கைச் சீராக்குதல், தழும்பு நீக்குதல், தொப்பைக் கொழுப்பை எடுத்தல். சிரிக்கும் முகம் பெரிதாக இருக்கும், தள்ளுபடி அதைவிடப் பெரிதாக இருக்கும். டாக்டர் என்ன படித்திருக்கிறார் என்பதைத்தான் பஸ் ஜன்னலிலிருந்து வாசிக்க முடியாது.

அதை வாசிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2016-ல் சென்னையிலேயே ஒரு உதாரணம் கிடைத்தது. முடி நடும் சிகிச்சைக்குப் போன ஒரு இளைஞர் உயிரிழந்தார். அவர் சாதாரண ஆள் இல்லை, எம்பிபிஎஸ் இறுதியாண்டு மாணவர். அந்த மையத்துக்கு சலூன் நடத்தத்தான் உரிமம் இருந்தது என்பது விசாரணையில் பிறகு தெரியவந்தது. மருத்துவம் படித்தவருக்கே சரியான இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

ஒரு நல்ல சர்ஜன் எப்படி இருப்பார் என்று தெரிந்துகொள்ள, அதே ஜிஎஸ்டி ரோட்டில் இன்னும் 30 கிலோமீட்டர் போல தெற்கே போக வேண்டும். செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் இருக்கும் தொழுநோய் மருத்துவமனைக்கு 1947-ல் 33 வயது டாக்டர் ஒருவர் சும்மா சுற்றிப்பார்க்கத்தான் வந்தார். அவர் பெயர் பால் பிராண்ட். தொழுநோயால் மடங்கிப்போன கைகளையும், சப்பையாகிப்போன மூக்குகளையும், உதிர்ந்த புருவங்களையும் திரும்ப உருவாக்கும் அறுவை சிகிச்சையில் உலகத்துக்கே வழிகாட்டியவர் என்று பிற்காலத்தில் அறியப்பட்டவர்.

மருத்துவமே வேண்டாம் என்ற பையன்

பால் பிராண்ட் பிறந்தது 1914 ஜூலை 17-ம் தேதி, கொல்லிமலையில். அப்பா ஜெஸ்ஸி, அம்மா எவ்லின் இருவரும் ஆங்கிலேய மிஷனரிகள். ஜெஸ்ஸி முழு டாக்டர் இல்லை. ஒரு வருட அடிப்படை மருத்துவப் பயிற்சி மட்டும் முடித்தவர். ஆனாலும் மலையில் வேறு யாரும் இல்லாததால் பல் பிடுங்குவது, கட்டியைக் கீறுவது, காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது எல்லாம் அவர்தான். தச்சு வேலையும் கட்டட வேலையும்கூட அவருக்குத் தெரியும்.

பால் தமிழ் பேசி, மரம் ஏறி, செருப்பில்லாமல் வளர்ந்த பையன். அப்பா கட்டியைக் கீறும்போது வந்த சீழையும் ரத்தத்தையும் பார்த்தே, டாக்டர் ஆகவே கூடாது என்று முடிவு பண்ணிவிட்டான். ஒருநாள் தொழுநோயாளிகள் சிலர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். எல்லாரையும் சகஜமாகத் தொடும் அப்பா அன்றைக்கு மட்டும் கையுறை மாட்டிக்கொண்டார். பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னார். அந்தக் காட்சி மகனுக்கு மறக்கவே இல்லை.

1923-ல், 9 வயதில், படிப்புக்காகத் தங்கையோடு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அப்பாவை அதன்பிறகு பார்க்கவில்லை. 1929-ல் மலேரியாவின் கடுமையான வடிவமான கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி கொல்லிமலையிலேயே இறந்துபோனார். மரணச் செய்தி தந்தியில் வந்துவிட்டது. அப்பா ஏற்கெனவே எழுதிப் போட்ட கடிதங்கள் அதற்குப் பிறகும் கப்பலில் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன.

பள்ளி முடித்ததும் பால் போனது கட்டட வேலைக்கு. கொத்து வேலை, தச்சு வேலை என்று வருடக்கணக்கில் பழகினார். அப்பா மாதிரி மிஷனரியாகத் திரும்ப வேண்டும் என்பது திட்டம். அதற்காகச் சேர்ந்த ஒரு வருட மருத்துவப் பயிற்சியில்தான் எல்லாம் மாறியது. ரத்தம் இழந்து வெளுத்துப்போய் மருத்துவமனைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ரத்தம் ஏற்றியதும் கண்ணெதிரே உயிர் திரும்பியதைப் பார்த்தார். 1937-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் முறையாக மருத்துவம் படிக்கச் சேர்ந்தார்.

அடுத்து போர் வந்தது. ஜெர்மன் விமானங்கள் லண்டன் மீது குண்டு போட்ட இரவுகளில் நசுங்கிய கைகளும் கால்களும் வரிசையாக வந்தன. 1943-ல் எஃப்ஆர்சிஎஸ் பட்டம் பெற்றார். அறுவை சிகிச்சையில் பிரிட்டன் தரும் உயர்ந்த தகுதி அது. அதே வருடம் உடன் படித்த மார்கரெட் பெர்ரியைத் திருமணம் செய்துகொண்டார். மார்கரெட் பின்னாளில் தொழுநோயாளிகளின் கண்ணைக் காப்பாற்றும் நிபுணராக ஆனது தனிக் கதை.

பட்டம்தான் வேலூருக்கு இழுத்து வந்தது

இந்தக் கட்டத்தில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. வேலூர் சிஎம்சி அந்த நேரத்தில் பழைய டிப்ளமோ படிப்பிலிருந்து எம்பிபிஎஸ் கல்லூரியாக உயர்ந்துகொண்டிருந்தது. உயர்பட்டம் பெற்ற பேராசிரியர்கள் போதுமான அளவுக்கு இல்லாவிட்டால் அங்கீகாரம் நிலைக்காது. நல்ல மனசு, சேவை உணர்வு, வருடக்கணக்கான அனுபவம் எல்லாம் அங்கே ஏற்கெனவே இருந்தன. ஆனாலும் விதி கேட்டது பட்டத்தை. பிரிட்டனில் ஆள் தேடிப்போன டாக்டர் ராபர்ட் காக்ரேன் கண்ணில் பட்டவர்தான் எஃப்ஆர்சிஎஸ் முடித்திருந்த பிராண்ட். 1946-ல் வேலூர் வந்து சேர்ந்தார்.

பட்டம் வெறும் காகிதம் என்று பேசுகிறவர்கள் உண்டு. அந்தக் காகிதம் இல்லையென்றால் பிராண்ட் வேலூருக்கு அழைக்கப்பட்டிருக்கவே மாட்டார்.

காக்ரேன் தோல் மருத்துவர், தொழுநோயில் பெரிய நிபுணர். செங்கல்பட்டில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையைக் கவனித்து வந்தார். அவர் அழைப்பில்தான் 1947-ல் பிராண்ட் அங்கே போனார். தோட்டத்து வழியாக நடக்கும்போது காக்ரேன் ஒவ்வொரு நோயாளியின் தோலையும் காட்டி விளக்கிக்கொண்டே வந்தார். பிராண்டின் கண் மட்டும் கைகளிலேயே இருந்தது. பறவையின் நகம் மாதிரி வளைந்து இறுகிப்போன விரல்கள். எலும்பு முறிவு சர்ஜன்கள் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். ஒருவர்கூட இதை எட்டிப் பார்த்ததில்லை என்பதுதான் காக்ரேனின் பதில். உலகத்தில் போலியோவால் முடங்கியவர்களைவிட இந்த நோயால் முடங்கிய கைகள் அதிகமாக இருந்தும், சர்ஜன்கள் யாரும் வரவில்லை.

ஒரு இளைஞரிடம் தன் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார் பிராண்ட். வளைந்து கிடந்த அந்த விரல்கள் இரும்புப் பிடியாக இறுகின. வலியில் பிராண்ட் கத்திவிட்டார். கை செத்துப்போகவில்லை, உள்ளே எங்கேயோ முழு பலத்தோடு தசை வேலை செய்கிறது என்பது அந்த நொடியில் புரிந்தது.

கத்தியை எடுப்பதற்கு முன்னால்

புரிந்த மறுநாளே ஆபரேஷன் தியேட்டருக்குப் போகவில்லை அவர். இன்றைய விளம்பரக் காலத்தில் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

முதலில் பல நூறு நோயாளிகளின் கைகளை ஒவ்வொன்றாகப் பரிசோதித்து, எந்தத் தசை செயலிழக்கிறது, எது பிழைக்கிறது என்று குறித்துக்கொண்டே போனார்கள். ஒரு ஒழுங்கு தெரிந்தது. முழங்கையை எங்கேயாவது இடித்துக்கொண்டால் சுருக்கென்று ஷாக் அடிக்குமே, அந்த அல்னார் நரம்பு கெடுகிறது. அது இயக்கும் உள்ளங்கைச் சின்னத் தசைகள் செத்துப்போகின்றன. முன்கையின் மேல்பகுதியில் இருக்கும் பெரிய தசைகள் பெரும்பாலும் தப்பிக்கின்றன. அப்படியானால் தப்பிய தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தி, செத்த தசையின் வேலையைச் செய்ய வைக்க முடியும்.

பிறகு ஏன் இப்படி நடக்கிறது என்று தேடினார்கள். செங்கல்பட்டில் ஒரு தொழுநோயாளி இறந்துவிட்டார், பரிசோதனைக்கு உடல் கிடைக்கும் என்று தகவல் வந்ததும் வேலூரிலிருந்து இரவோடு இரவாகக் கிளம்பிப் போய், விடிய விடிய நரம்புகளைப் பிரித்துப் பார்த்தார்கள். தோலுக்குப் பக்கத்தில், குளிர்ச்சியான இடங்களில் ஓடும் பகுதியில்தான் நரம்பு வீங்கியிருந்தது. ஆழத்தில் ஓடும் இடத்தில் நன்றாகவே இருந்தது.

அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு வலி பற்றியது. தொழுநோய் வந்தால் சதை அழுகி விரல் உதிரும் என்று ஊரே நம்பியது, டாக்டர்களும் நம்பினார்கள். ஒருநாள் துருப்பிடித்த பூட்டைத் திறக்க பிராண்ட் திணறிக்கொண்டிருந்தபோது, ஒரு தொழுநோயாளிச் சிறுவன் சாவியை வாங்கிச் சுலபமாகத் திருப்பிவிட்டான். அவன் விரல் எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. நோய் விரலைத் தின்னவில்லை. வலி தெரியாததால் நோயாளிகள் தாங்களே சூட்டிலும் வெட்டிலும் விரல்களை இழந்தார்கள். சிலருக்கு இரவில் தூங்கும்போது விரல் காணாமல் போனது எப்படி என்று கண்காணித்தபோது, எலி கடித்தும் விழிக்காமல் தூங்கியது தெரிந்தது. அதன்பிறகு வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்கு ஒரு பூனையும் கொடுத்து அனுப்பினார்கள்.

இவ்வளவுக்கும் அப்புறம்தான், அதுவும் ஏற்கெனவே உலகில் கை அறுவை சிகிச்சையில் மற்றவர்கள் போலியோவுக்கும் காயத்துக்கும் என்ன செய்திருக்கிறார்கள் என்று படித்துவிட்டுத்தான், முதல் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சை. ஆண்டு 1948. விரல்கள் முற்றிலும் மடங்கி, இழக்க இனி எதுவும் இல்லை என்ற நிலையில் இருந்த ஒரு இளைஞர் அதற்கு ஒப்புக்கொண்டார். இது சோதனை முயற்சி என்பது மறைக்கப்படவில்லை. மருத்துவமனை வார்டுகளில் தொழுநோயாளியைச் சேர்க்கவே பயந்த காலம் அது. மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்று தயங்கினார்கள். ஒதுக்குப்புறமான சின்ன இடத்தில்தான் வேலை தொடங்கியது. கை திறந்தது. சோற்றைப் பிசைந்து தானே சாப்பிட அந்த இளைஞரால் முடிந்தது.

ஆபரேஷன் முடிந்தால் வேலை முடிந்ததா?

ஒரு தசைநாணை இடம் மாற்றிவிட்டால் போதாது. மூளைக்கு அந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும். நேற்றுவரை நடுவிரலை மடக்கிய தசை இன்றைக்கு வேறு வேலை செய்ய வேண்டும் என்றால், வாரக்கணக்கில் பயிற்சி தேவை. பிராண்டின் குழுவில் பிசியோதெரபிஸ்ட் சர்ஜனுக்குச் சமமான ஆள். மெழுகில் கையை ஊறவைத்து மூட்டை இளக்குவது, கட்டுப் போட்டு மெதுவாக நிமிர்த்துவது என்று ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் பல வாரங்கள் போகும்.

இன்றைக்கு ஒரு கிளினிக்கில் விசாரிக்கும்போது பெரும்பாலானோர் கேட்பது செலவு எவ்வளவு, எத்தனை மணிநேரம் என்ற 2 கேள்விகள்தான். தையல் பிரித்த பிறகு யார் பார்ப்பார்கள், நள்ளிரவில் வீங்கினால் யாரைக் கூப்பிடுவது, மயக்க மருந்து நிபுணர் கடைசிவரை இருப்பாரா என்பதை யாரும் கேட்பதில்லை. ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடும் என்று சொல்கிறவரிடம் இதைக் கட்டாயம் கேட்கணும்.

வேலூரில் வேறொரு பிரச்சினையும் வந்தது. கை சரியாகிப் போன சிலர் திரும்பி வந்து குறைப்பட்டார்கள். வளைந்த கையைக் காட்டினால் பிச்சை கிடைத்தது, இப்போது கை நன்றாக இருக்கிறது, ஆனால் தொழுநோயாளி என்று யாரும் வேலை தரவில்லை, பிச்சையும் விழவில்லை. பிராண்டுக்கு இது பெரிய அடி. பழைய தச்சு வேலை அப்போதுதான் கைகொடுத்தது. சிஎம்சி கல்லூரி வளாகத்தை ஒட்டி நவஜீவ நிலையம் என்று ஒரு சின்னக் குடியிருப்பை ஆரம்பித்தார். குணமானவர்கள் அங்கே தங்கி மரப் பொம்மைகள் செய்யப் பழகினார்கள். ரம்பத்தையும் சுத்தியலையும் வலி தெரியாத கையால் எப்படிப் பத்திரமாகப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தவர் பிராண்டேதான்.

கையிலிருந்து முகத்துக்கு

கை சரியானாலும் முகம் காட்டிக்கொடுத்தது. தொழுநோயில் மூக்கின் உள்சவ்வு சுருங்கி மூக்கு சப்பையாகும், புருவம் உதிரும். பார்த்ததும் ஊருக்குத் தெரிந்துவிடும். கடையில் நிற்க விடமாட்டார்கள், பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். எனவே பிராண்ட் குழு பிளாஸ்டிக் சர்ஜரிக்குள் இறங்கியது.

பெயரைப் பார்த்து உள்ளே பிளாஸ்டிக் வைக்கிறார்கள் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. வடிவமைப்பது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பிளாஸ்டிக் என்ற பொருளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கன்னத்துத் தோலை எடுத்து மூக்கை உருவாக்கும் முறை சுஸ்ருத சம்ஹிதையிலேயே இருக்கிறது. நவீன பிளாஸ்டிக் சர்ஜரியின் தந்தை எனப்படும் ஹெரால்ட் கில்லீஸ், முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்குச் சிகிச்சை தந்து இந்தத் துறையை வளர்த்தவர்.

தொழுநோயாளியின் மூக்குக்கு வெளியிலிருந்து தோல் கொண்டுவர வேண்டிய அவசியம் பல நேரம் இல்லை, உள்ளே சுருங்கியதை விடுவித்து, உட்புறத்துக்குப் புதுத் தோல் ஒட்டினால் போதும் என்பது தெளிவானது. மேலுதட்டின் உட்பக்கம் வழியாகச் செய்வதால் முகத்தில் தழும்பும் விழாது. புருவத்துக்குத் தலைமுடி உள்ள தோலை ரத்தக்குழாயோடு சேர்த்து நெற்றித் தோலுக்கு அடியில் இறக்கிப் பொருத்தினார்கள். அது தலைமுடிதானே, வளர்ந்துகொண்டே போகும். கத்தரிக்கச் சொன்னாலும் சிலர் கேட்கவில்லை. வருடக்கணக்காகப் புருவமே இல்லாமல் இருந்தவர்கள், கண்ணில் வந்து விழும் அளவுக்கு அதைப் பெருமையாக வளர்த்துக்கொண்டு திரிந்தார்கள்.

அழகு சிகிச்சை என்றதும் பணக்காரர் சமாச்சாரம் என்று ஒதுக்குவது சுலபம். வேலூரில் ஒரு புருவம் என்பது ஒருவருக்கு வேலை கிடைப்பதற்கும் கிடைக்காததற்கும் இருந்த வித்தியாசம்.

சக்கர நாற்காலியில் ஒரு சர்ஜன்

1954 ஜனவரியில் சிஎம்சியின் இளம் டாக்டர் மேரி வர்கீஸ் கார் விபத்தில் சிக்கினார். முகம் கிழிந்தது, முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே இயக்கம் போனது. மருத்துவ வாழ்க்கை முடிந்துவிட்டது என்றே அவர் உட்பட எல்லாரும் நினைத்தார்கள். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்ற யோசனையைச் சொன்னவர் பிராண்ட். மேரி பழகினார், சக்கர நாற்காலியிலிருந்தே தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்தார். பிறகு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அதற்கான துறையை நடத்தினார். 1972-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

பார்வைக்கு எப்படி இருக்கிறார் என்பதை வைத்து டாக்டரை எடைபோடும் பழக்கம் நமக்கு நிறையவே இருக்கிறது. கோட், ஏசி அறை, சோபா, இன்ஸ்டாகிராம் ரீல்ஸ். மேரியிடம் கையை நீட்டிய நோயாளிகள் இது எதையும் பார்க்கவில்லை. ஏற்கெனவே அவர் கைபட்டுச் சரியானவர்கள் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

ஊசி குத்திய இரவு

1950-களில் ஒரு வெளிநாட்டுப் பயணம். கப்பலிலும் ரயிலிலும் களைத்து, லண்டனில் அறைக்குப் போய்க் காலுறையைக் கழற்றிய பிராண்டுக்குக் குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்தினார், தெரியவில்லை. தனக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று முடிவுசெய்து, மனைவி மக்களைப் பிரிய வேண்டியதை நினைத்தபடி இரவு முழுக்கத் தூங்காமல் கிடந்தார். காலையில் மறுபடி குத்தியபோது சுரீரென்று வலித்தது. ரயிலில் உட்கார்ந்த விதத்தில் கால் மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். நோயாளிகள் பல வருடம் வாழும் வாழ்க்கையை அவர் ஒரே ஒரு இரவு வாழ்ந்து பார்த்தார்.

1952-ல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸில் ஹன்டேரியன் பேராசிரியராக, தன் முறைகளை மற்ற சர்ஜன்கள் முன்னால் வைத்தார். அமெரிக்காவில் கை அறுவை சிகிச்சையின் முன்னோடி ஸ்டெர்லிங் பன்னலைத் தேடிப்போய்ப் பேசினார். செய்ததை மறைக்காமல் சக நிபுணர்களின் கேள்விக்கு வைப்பது என்பதும் ஒரு தகுதிதான். 1955-ல் வேலூர் அருகே கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மையம் திறக்கப்பட்டது. 1960-ல் லாஸ்கர் விருது, 1961-ல் சிபிஇ. 1966-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலம் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே அவர் செய்த வேலையின் பலனை இன்று சர்க்கரை நோயாளிகள்தான் அதிகம் அனுபவிக்கிறார்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு எந்த மாதிரி செருப்பு, எப்படிப்பட்ட கட்டு என்பதெல்லாம் தொழுநோய்ப் பாதங்களிலிருந்து கற்றவை. 2003 ஜூலை 8-ம் தேதி, 88 வயதில், சியாட்டிலில் காலமானார்.

இப்போது எப்படிச் சரிபார்ப்பது?

பிராண்ட் காலத்தில் இந்தியாவில் பிளாஸ்டிக் சர்ஜரிக்கென்று தனிப்பட்டம் பெற்றவர்களைத் தேடினாலும் கிடைக்கமாட்டார்கள். இன்று அந்த நிலை இல்லை. எம்பிபிஎஸ் முடித்து, 3 ஆண்டு எம்எஸ் பொது அறுவை சிகிச்சை, அதன்மேல் 3 ஆண்டு எம்சிஎச் பிளாஸ்டிக் சர்ஜரி. அல்லது அதற்குச் சமமான தேசியத் தேர்வு வாரியப் பட்டம். சில வாரப் பயிற்சிக்குத் தரப்படும் காஸ்மெட்டாலஜி சான்றிதழ் இதற்கு ஈடாகாது. முடி நடுவதற்குக்கூட முறையான அறுவை சிகிச்சைப் பயிற்சி வேண்டும், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றது போதாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது.

டாக்டரின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் தேடலாம். கேட்பதில் தப்பே இல்லை, மருந்துச் சீட்டில் அது இருந்தாக வேண்டும். மருத்துவமனைக்குத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கையில் பணம் குறைவு என்பதற்காக மலிவான இடத்துக்குப் போகத் தேவையில்லை. சென்னையில் ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரி துறைகள் இருக்கின்றன. கைக்கென்றே தனித் துறை ஸ்டான்லியில் உண்டு.

பிராண்ட் நடந்துபோன திருமணி வளாகம் இப்போது மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம். தொழுநோயால் மடங்கிய கைகளுக்கான அறுவை சிகிச்சை அங்கே இன்றும் நடக்கிறது. தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தின் கீழ் இந்தச் சிகிச்சைக்கு நோயாளி பணம் கட்ட வேண்டியதில்லை. சிகிச்சைக் காலத்தில் வேலைக்குப் போக முடியாததற்காக ஒரு தொகையும் தருகிறார்கள்.